தட்டப்பயறும் அரிசியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஏற்றுமதி பற்றியும் டாலர் பற்றியும் இங்கே நிறையப் பேர் பேசிட்டாங்க. நான் சோற்றைப் பற்றிப் பேச வந்திருக்கேன். சிரிக்காதீங்க! ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற ஊரில் சோறும் ஒரு தொழில் விஷயம்தானுங்க.

நம் கொங்கு நாட்டு அரிசியும் பருப்பும் சாதம் எல்லோருக்கும் தெரியும். துவரம் பருப்புக்குப் பதில் தட்டப்பயறு போட்டும் அதைச் செய்யலாம். சென்னைக்காரர்கள் காராமணி என்பார்களே, அதே பயறுதான். மானாவாரிக் காட்டில் சோளத்தோடு கலந்து விதைத்த பயிர் இது. வறட்சியைத் தாங்கும்; மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும்.

இந்தப் பயறின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களோடு அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இதையும் அரிசியையும் ஒன்றாக வேகவைத்து 'ஹாப்பிங் ஜான்' என்று பெயர் வைத்தார்கள். 1847இல் வெளிவந்த கரோலினா சமையல் நூல் ஒன்றிலேயே அதன் செய்முறை இருக்கிறது. இன்றும் புத்தாண்டு அன்று அதைச் சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். அதுவும் பருத்தி விளைந்த பூமிதான். அங்கேயும் பாடுபட்டவர்களின் பசியை ஆற்றியது இந்தப் பயறும் அரிசியும்தான் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிமார் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு அரிசி 1 டம்ளர், பயறு அரை டம்ளர். பயறைக் காலையில் ஊறப்போட்டுவிட்டுப் போங்க. மறந்துட்டா வெறும் சட்டியில் வறுத்து, தனியாக இரண்டு விசில் விட்டு எடுத்துக்கலாம். குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், கருவேப்பிலை. பிறகு ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி. வதங்கியதும் மஞ்சள் தூள், உப்பு, பயறு, கழுவிய அரிசி, மூன்றரை டம்ளர் தண்ணீர். மூன்று விசில் போதும். ஆவி அடங்கினதும் ஒரு கரண்டி நெய் விட்டுக் கிளறுங்க. தொட்டுக்கொள்ளத் தயிர் இருந்தால் அதுவே விருந்து.

100 கிராம் பயறில் ஏறக்குறைய 24 கிராம் புரதம். அரிசியில் குறைவான லைசின் பயறில் உண்டு. பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. நல்ல நட்பு மாதிரி!

கம்பெனி நடத்தும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பீஹாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள், நம் தென் மாவட்டப் பிள்ளைகள், டீயும் பன்னுமாய் ராத்திரியை ஓட்டுகிறார்கள். அவசர ஆர்டர் என்றாலும் சாப்பாட்டு நேரத்தில் கை வைக்காதீங்க. விடுதி கட்டினால் அடுப்புக்கும் ஓர் இடம் விடுங்க. பசித்த கை தைத்த தையல் நேராக இருக்காதுங்க.

மாணவர்களே, பட்டத்தோடு ஒரு குழம்பு, ஒரு சாதமாவது கற்றுக்கொண்டு வெளியே போங்கள். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை, எல்லோருக்கும்தான்.