பட்டறைக்கு முன் சந்தை: இடம்பெயர்ந்த இளைஞரும் தொழிற்பயிற்சியும்



போரால் ஊரிழந்த இளைஞர்களுக்கு எந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது, அதை எப்படி முடிவு செய்வது என்று ஆராயும் இந்தக் கருத்தரங்கில் பொருளியலாளர்களும் தொழிற்பயிற்சி ஆசிரியர்களும் முகாம்களில் பணியாற்றும் தொண்டு நிறுவனத்தினரும் ஒன்றாகக் கூடியிருக்கிறார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்குப்படி 2024 இறுதியில் உலகெங்கும் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்தவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர். இவர்களில் இளைஞர்களுக்காக நடக்கும் பயிற்சிகளின் பட்டியலை எந்த நாட்டிலிருந்து எடுத்தாலும் தையல், தச்சு, சிகை அலங்காரம், கணினி அடிப்படை என்றே அது தொடங்கும். ஊர் வேறு, சந்தை வேறு, பட்டியல் மட்டும் ஒன்று. இது ஏன் என்ற கேள்வியே இந்த இரண்டு நாள் அமர்வுகளுக்கும் அடிப்படை.

இதற்கு விடை தேட வடக்கு உகாண்டாவைவிடப் பொருத்தமான களம் அரிது. ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படைக்கும் உகாண்டா அரசுக்கும் இடையே 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய போர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் நீடித்தது. அதன் உச்சத்தில் சுமார் 18 லட்சம் பேர் வீடிழந்திருந்தார்கள். குலு, கிட்கும், பாடேர் வட்டாரத்து அச்சோலி மக்களில் பெரும்பாலோர் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். 2006 ஆகஸ்டில் தெற்கு சூடானின் ஜூபா நகரில் போர் நிறுத்தம் கையெழுத்தானபோது, உணவு உதவியில் வளர்ந்த ஒரு தலைமுறை வெளியே வந்தது. உழவர் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் பலருக்கு நிலத்தில் இறங்கி வேலை செய்த பழக்கமே இல்லை. பள்ளிப்படிப்பும் பாதியில் நின்றிருந்தது.

ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் பிளாட்மன், ஜீனி அன்னன் இருவரும் அங்கே நடத்திய ஆய்வு ஒரு பொதுக் கருத்தைத் திருத்தியது. கோனியின் படையால் கடத்தப்பட்டு மீண்ட இளைஞர்கள் எல்லோரும் மனம் உடைந்து போயிருப்பார்கள் என்று உலகம் எண்ணியது. கடுமையான மனப் பாதிப்பு, மிகக் கொடிய வன்முறைக்கு ஆளான ஒரு பகுதியினரிடமே இருந்தது. பரவலான இழப்போ படிப்பிலும் பிழைப்பிலும் நேர்ந்திருந்தது. சராசரியாக முக்கால் ஆண்டுப் பள்ளிப்படிப்பு போயிற்று. வருமானம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே அவர்களுக்கு முதன்மையாக வேண்டியிருந்தது நிலையான வேலை.

உதவி வந்தது. பயிற்சி நிலையங்களும் வந்தன. எந்தத் தொழிலில் ஆள் எடுப்பார்கள், எத்தனை பேரை எடுப்பார்கள் என்ற கணக்கு மட்டும் வரவில்லை. இந்தக் குறையைக் கண்ட மகளிர் அகதிகள் ஆணையம் என்ற அமைப்பு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து 2008இல் வடக்கு உகாண்டாவுக்கென்றே ஒரு சந்தை மதிப்பீட்டுக் கையேட்டைத் தயாரித்தது. வெளிநாட்டு நிபுணர் வந்து அறிக்கை எழுதிவிட்டுப் போவதை அது நம்பியிருக்கவில்லை. பயிற்சி நிலையங்களும் இளைஞர்களும் தாங்களே கடைத்தெருவில் இறங்கிக் கேட்பதற்கான கேள்விப் படிவங்களை அது தந்தது. இன்றைய கருத்தரங்கின் பொருள் அந்தக் கையேட்டின் வழிவந்ததுதான்.

பயிற்சி நிலையங்கள் ஏன் தையலையே பிடித்துக்கொள்கின்றன என்பதற்கு உள்நோக்கம் எதையும் தேட வேண்டியதில்லை. தையல் இயந்திரம் எளிதில் கிடைக்கும். கற்றுக்கொடுக்க ஆள் கிடைப்பார். ஆறு மாதத்தில் முடித்துச் சான்றிதழ் கொடுத்துவிடலாம். பணம் தரும் நிறுவனமும் எத்தனை சான்றிதழ் என்றுதான் கேட்கிறது. இளைஞர்களைக் கேட்டால் அவர்களும் தாங்கள் கண்ணால் பார்த்த தொழில்களையே சொல்வார்கள். முகாமில் வளர்ந்தவர் குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவரை எங்கே பார்த்திருப்பார்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளைவு தெரியும். ஒரு சிறு நகரில் மூன்று பயிற்சி நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இரண்டு அணி, அணிக்கு 40 பேர் என்று தையல் கற்பித்தால், ஆண்டுக்கு 240 புதிய தையற்காரர்கள் ஒரே கடைத்தெருவுக்கு வருவார்கள். பழைய தையற்காரர்கள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே இறக்குமதியான பழைய துணிகள் மலிவாக விற்கின்றன. ஒவ்வொரு நிலையமும் தன் அளவில் நல்ல பயிற்சிதான் தருகிறது. மூன்றும் சேர்ந்து ஒருவர் கூலியை ஒருவர் குறைக்க வழி செய்கின்றன. தையலுக்குத் தேவை உண்டா என்று மட்டும் கேட்டால், உண்டு என்றே எந்த ஊரிலும் பதில் வரும். இன்னும் எத்தனை பேருக்கு, எந்த வகைத் தையலுக்கு, எந்தத் தெருவில், எந்த ஆண்டு வரைக்கும் என்று கேட்டால்தான் அது மதிப்பீடு ஆகும்.

அந்தக் கேள்விகளைக் கேட்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். குலு நகரில் போடா போடா எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்கள்தான் மக்களின் வண்டி. அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து போன பஜாஜ் பாக்ஸர். அப்படி வண்டி பழுது பார்க்கும் ஒரு கடைக்குக் கணக்கெடுக்கப் போகும் இளைஞர், “உங்களுக்கு ஆள் வேண்டுமா?” என்று தொடங்கினால், வேண்டும் என்ற மரியாதைப் பதிலோடு திரும்ப வேண்டியதுதான். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வருகிறது? அடிக்கடி கெட்டுப் போகும் பாகம் எது? உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்கிறதா, கம்பாலாவிலிருந்து வர வேண்டுமா? செய்யத் தெரியாமல் திருப்பி அனுப்பும் வேலை எது? கடைசியாகச் சேர்த்த பையன் ஏன் நின்றுவிட்டான்? இந்தக் கடைசி இரண்டு கேள்விகளில்தான் சரக்கு இருக்கிறது. திருப்பி அனுப்பிய வேலை மின்கம்பி இணைப்பு வேலை என்றால், பொது மெக்கானிக் பயிற்சியைக் குறைத்து அதைக் கூட்ட வேண்டும். பையன் நின்றது கணக்கு வழக்குச் சரியில்லாததால் என்றால், பாடத்திட்டத்தில் வாரம் ஒரு நாள் கணக்குக்கு ஒதுக்க வேண்டும். பட்டறை வேலைக்கு ஆளே வேண்டாம், உதிரிபாகம் விற்கக் கடைதான் வேண்டும் என்றும் தெரியவரலாம்.

இந்தக் கணக்கெடுப்பை இளைஞர்களே செய்வதில் இன்னொரு பலனும் உண்டு. பத்துக் கடை ஏறி இறங்கியவருக்குத் தொழில்களின் உள்விவரம் பழகிவிடும், முதலாளிகளின் முகமும் பழகிவிடும். பிறகு அவர் தேர்ந்தெடுக்கும் பயிற்சி, தெரிந்து தேர்ந்தெடுத்ததாக இருக்கும்.

தொழில் தெரிந்தால் மட்டும் போதுமா, கருவி வாங்கக் காசு வேண்டாமா என்ற கேள்விக்கும் உகாண்டா பதில் வைத்திருக்கிறது. அரசு வடக்குப் பகுதி இளைஞர் குழுக்களிடம் தொழில் திட்டங்களைக் கேட்டு வாங்கி, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 2008இல் ஆளுக்குச் சுமார் 380 டாலர் வீதம் மானியம் கொடுத்தது. பயிற்சியையும் கருவியையும் அவர்களே வாங்கிக்கொண்டார்கள். தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் தையல், தச்சு, உலோக வேலை, சிகை அலங்காரம். பிளாட்மன், நேதன் ஃபியாலா, செபாஸ்டியன் மார்ட்டினஸ் ஆகியோர் பின்தொடர்ந்து பார்த்தபோது, நான்காம் ஆண்டில் மானியம் பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 38 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஒன்பதாம் ஆண்டில் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. பெறாதவர்களும் கூலி வேலையிலும் சிறு வணிகத்திலும் அந்த உயரத்தை எட்டிவிட்டார்கள். கருவிகளும் சேமித்த உடைமைகளும் மட்டும் மானியம் பெற்றவர்களிடம் கூடுதலாக நின்றன. தொழிற்பயிற்சியின் பலனை ஓராண்டில் அளந்து வெற்றி விழா எடுப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சான்றிதழின் மதிப்பு பற்றியும் அதே நாட்டில் ஒரு தெளிவு பிறந்தது. பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் கற்றவர்களையும், கடை முதலாளியிடமே நேரடியாக வேலை பழகியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. இரு சாராரின் வருமானமும் உயர்ந்தது. ஆனால் ஒரு வேலை போனபின் இன்னொரு வேலைக்கு மாறுவது, எங்கும் செல்லும் சான்றிதழ் வைத்திருந்தவர்களுக்கே எளிதாயிற்று. எந்த நேரமும் மீண்டும் இடம்பெயர நேரலாம் என்ற நிலையில் இருப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

மதிப்பீடு விரைவில் பழசாகிவிடும் என்பதையும் குலு சொல்கிறது. சூடானின் 2005 சமாதான உடன்பாட்டுக்குப் பின் தெற்கு சூடானின் ஜூபா நகரம் வளர்ந்தது. ஜூபாவுக்குப் போகும் சாலையில் இருந்த குலுவின் வணிகமும் சேர்ந்து வளர்ந்தது. 2013 டிசம்பரில் தெற்கு சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அந்தச் சந்தை ஆட்டம் கண்டது. 2017 ஆகஸ்டுக்குள் அந்நாட்டிலிருந்து உகாண்டாவுக்கு 10 லட்சம் அகதிகள் வந்துவிட்டார்கள். நேற்று முகாமில் இருந்த வட்டாரம் இன்று முகாம் நடத்தும் வட்டாரம் ஆனது. தொழில்நுட்பமும் நிற்கவில்லை. 2008இல் எடுத்த எந்தக் கணக்கிலும் மொபைல் பணப் பரிமாற்ற முகவர் என்ற வேலை வந்திருக்க முடியாது. அந்தச் சேவை உகாண்டாவில் தொடங்கியதே 2009இல்தான். சில ஆண்டுகளில் அது சிற்றூர்க் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது.

உகாண்டாவுக்கு வெளியே, லைபீரியாவில் 2010இல் மன்ரோவியாவை மையமாகக் கொண்டு இளம்பெண்களுக்கென நடந்த திட்டம், சந்தை மதிப்பீட்டைப் பயிற்சியோடு இறுக்கிக் கட்டியது. உள்நாட்டுப் போர் 2003இல் முடிந்த நாடு அது. பெண் என்றால் தையல் என்ற வழக்கத்தை விட்டு, வீட்டுக்கு வண்ணம் பூசுதல், வாகனம் ஓட்டுதல், காவல் பணி ஆகியவற்றையும் அங்கே கற்பித்தார்கள். பயிற்சி முடித்தவர்கள் வேலையில் அமர்ந்தால்தான் நிலையத்துக்கு ஊக்கத்தொகை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. வேலையில் இருந்தோர் அளவு 47 சதவீதமும் வருமானம் 80 சதவீதமும் கூடின. கைக்குழந்தையோடு வரும் பெண்ணின் நேரத்தைக் கணக்கில் எடுத்தது இந்தப் பலனுக்குப் பெரிய காரணம் என்று கருத இடமுண்டு.

சந்தையைக் கேட்டபின் சட்டத்தையும் கேட்க வேண்டும். உகாண்டாவின் 2006ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் வேலை செய்யும் உரிமை தருகிறது. ஜோர்டானில் நிலை வேறு. 2016 பிப்ரவரியில் லண்டன் மாநாட்டில் சிரிய அகதிகளுக்கு 2 லட்சம் வேலை வாய்ப்பு என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது. அந்நாட்டவர் அல்லாதோருக்கு மூடிய தொழில்கள் பல அப்போதும் மூடியே இருந்தன. வழங்கிய அனுமதிகளில் பெண்களின் பங்கு மிகக் குறைவு. ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை இருந்தது, ஆனால் தொலைவும் கூலியும் குடும்பப் பொறுப்பும் சிரியப் பெண்களைத் தடுத்தன. வேலை இருக்கிறது என்பதும், அந்த வேலைக்கு இவர் போக முடியும் என்பதும் இரண்டு தனி உண்மைகள்.

தமிழ் மண்ணில் இந்த உண்மை இன்னும் நெருக்கமாகத் தெரியும். 1983 முதல் பல அலைகளாக இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். சுமார் 58,000 பேர் இன்றும் மறுவாழ்வு முகாம்களில் இருக்கிறார்கள். முகாம் இளைஞர்களில் மிகப் பலர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். பொறியியல் படித்தவர்களும் அதில் உண்டு. அன்றாடம் கூலி கிடைக்கும், யாரும் காகிதம் கேட்க மாட்டார்கள் என்பதே காரணம். குடியுரிமையும் கடவுச்சீட்டும் இல்லாத பட்டதாரிக்கு வேலை தர நிறுவனங்கள் தயங்குகின்றன. இவர்களுக்கு இன்னொரு மென்பொருள் பயிற்சி நடத்துவதால் மட்டும் அந்தக் கதவு திறக்காது. கடலுக்கு அப்பால் வன்னியில், 2009க்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தபோது மேசன்கள் வேண்டியிருந்தார்கள். அந்தத் திட்டம் ஒரு நாள் முடியும் என்பது தொடங்கும்போதே தெரிந்த விஷயம். அதன்பின் அந்தக் கைகளுக்கு என்ன வேலை என்ற கேள்வியும் அன்றே எழுந்திருக்க வேண்டியது.

இந்த அவையிடம் தலைமையுரை வைக்கும் வேண்டுகோள்கள் நான்கு. ஒன்று, ஒரே வட்டாரத்தில் இயங்கும் பயிற்சி நிலையங்கள் ஆண்டுதோறும் எந்தத் தொழிலில் எத்தனை பேரை வெளியே அனுப்புகின்றன என்ற கணக்கைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஒரு படிவத்தை இந்த இரண்டு நாளில் உருவாக்க வேண்டும். இரண்டு, சான்றிதழ் எண்ணிக்கையோடு நிற்காமல், பயிற்சி முடித்தவர் ஆறாம் மாதத்திலும் இரண்டாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் என்ன செய்கிறார் என்பதைப் பின்தொடரும் முறையை வகுக்க வேண்டும். மூன்று, வேலை அனுமதிச் சட்டம், போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு ஆகிய மூன்றும் இல்லாத மதிப்பீட்டை முழுமையானதாக ஏற்கக் கூடாது. நான்கு, கணக்கெடுப்பில் இளைஞர்கள் பதில் சொல்பவர்களாக மட்டும் இராமல் கேள்வி கேட்பவர்களாகவும் இடம்பெற வேண்டும்.

பணம் தருவோருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, பயிற்சி தொடங்கும் முன் நடக்கும் கணக்கெடுப்புக்கும், முடிந்தபின் நடக்கும் பின்தொடர்தலுக்கும் எழுத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். ஓர் இளைஞர் தன் வாழ்க்கையின் ஆறு மாதத்தை நம்பி ஒப்படைக்கிறார்; எந்தத் தொழிலுக்கு என்று சரிபார்த்துச் சொல்லும் கடமை, அதைப் பெற்றுக்கொள்பவர்களுடையது.