வடியும் தண்ணீருக்கு வழி

ஐப்பசி மழை கொட்டுகிறது. மேல்வயலில் நட்ட சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரிய முழுகி நிற்கிறது. வடிய விடலாமென்றால், கீழ்வயல்காரர் வரப்பை உயர்த்தி, மடைவாயில் மண்மூட்டையை அடுக்கிவிட்டார். அவருக்கும் தம் பயிர் பற்றிய பயம்தான்.

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 7-ஆவது பிரிவில் வழி சொல்கிறது. மேட்டு நிலத்தில் பெய்த மழைநீர் இயல்பாகச் சரிந்து வந்தால், கீழ்நிலத்துக்காரர் அதை விட்டாக வேண்டும். புதிதாக வாய்க்கால் வெட்டி, மொத்தத் தண்ணீரையும் அவர் வயலில் ஒரே இடத்தில் திருப்பிவிட இது இடம் தராது. நியாயமும் அதுதானே?

முதலில் புலப்பட நகல் வாங்கிப் பாருங்கள். தண்ணீர் வடியும் இடம் அதில் வாய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால், அடைப்பை நீக்கச் சொல்லி வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பட்டா நிலத்துச் சிக்கல் என்றால், வழக்குக்கு முன்பே வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடுங்கள். அக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அதன்மேல் மேல்முறையீடு கிடையாது.

அதற்கும் முன்னால், மழை விட்டதும் இருவரும் வரப்பில் நின்று பேசிவிடுவதே நல்லது என்பேன். தண்ணீர் வடியும் குழாய் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், ஆண்டுதோறும் தூர் வாருவது யார் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.