சொல்லறிவும் உரிமையும்

 

ஆங்கிலச் சொற்கள் பலவற்றை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அவற்றின் பொருளை அறிந்துதான் வழங்குகிறோமா என்பதை இன்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் ‘ஷெட்யூல்டு’ என்னும் சொல். இதனை இழிவைக் குறிப்பதென எண்ணிக் கூசிய மாணவர்களை நாம் வகுப்பறையில் கண்டிருக்கிறோம். ‘ஷெட்யூல்’ என்பதற்கு இணைப்புப் பட்டியல் என்பதே பொருள். கிரயப் பத்திரத்தின் முடிவில் ‘தபசில்’ என்று சொத்து விவரம் எழுதுகிறார்களே, அதுவும் ஷெட்யூல்தான். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் இச்சொல் நம்மைக் குறிக்க வந்தது. 1950இல் குடியரசுத் தலைவரின் ஆணை அப்பட்டியலை வகுத்தது. சட்டத்தின் பாதுகாப்பைப் பெற உரியவர் என்று காட்டும் சொல்லுக்கு நாம் ஏன் தலைகுனிய வேண்டும்?

அடுத்தது ‘போஸ்ட்’. தபாலும் போஸ்ட், விளக்குக் கம்பமும் போஸ்ட், பதவியும் போஸ்ட். வேறொரு சொல்லுக்கு முன்னொட்டாக வரும்போதோ ‘பின்’ என்று பொருள்படும். ‘போஸ்ட் மெட்ரிக்’ உதவித்தொகை என்றால் பத்தாம் வகுப்பிற்குப் பிந்தைய படிப்பிற்குரியது. நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், அது தபாலில் தானே வருமென்று காத்திருந்தான். விண்ணப்பிக்கும் நாள் கடந்தது. கட்டணம் கட்ட வழியின்றி அவ்வாண்டு செங்கற்சூளைக்குச் சென்றான். பிழை அவனுடையதன்று, அச்சொல்லைக் கற்பிக்காத நம்முடையதே.

இறுதியாக ‘அசைன்மென்ட்’. மாணவர்க்கு அது வீட்டுப்பாடம். நில ஆவணத்திலோ அரசு வழங்கும் ஒப்படை. செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் நம் மக்களின் நிலையை விளக்கி 1891இல் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892இல் பிறந்ததே டி.சி. நிலம் எனப்படும் பஞ்சமி நில ஒப்படை. அதனுடன் ‘கண்டிஷன்’, அதாவது நிபந்தனையும் வந்தது. முதற் பத்தாண்டுகள் எவர்க்கும் விற்கலாகாது. பின்னரும் நம்மவரல்லாதார்க்கு விற்றல் செல்லாது. இந்த ஒரு சொல்லை அறியாமல் கைநாட்டு வைத்து நம் முன்னோர் இழந்த காணிகள் எத்தனை!

இளைஞர்களே, வீடுதோறும் ஓர் அகராதி இருக்கட்டும். பெற்றோரிடம் வரும் எக்காகிதத்தையும் முழுவதும் படித்துப் பொருளுரைத்த பின்னரே அவர்களைக் கையொப்பமிடச் செய்யுங்கள். நீங்கள் கற்ற கல்விக்கு அதுவே முதற்பயன்.