கைத்தொலைபேசி ஆலைகளும் ஆட்குறைப்பும்



தோட்டத்து வாசலில் நிற்கும் பெயர்ப்பலகை மாறுவதை நாம் பலமுறை பார்த்தவர்கள். 1981ஆம் ஆண்டில் கத்ரி நிறுவனம் வெள்ளைக்காரர் கையிலிருந்து மலேசியர் கைக்கு வந்தது. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகிய மூன்றும் ஒன்றாக இணைந்தன. 2024இல் அந்தத் தோட்ட நிறுவனமே எஸ்.டி. கத்ரி என்று பெயரை மாற்றிக்கொண்டது. பலகை எத்தனை முறை மாறினாலும் மரம் என்னவோ நட்ட இடத்தில்தான் நின்றது. ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோதுகூட, மண் அதே மண்ணாகத்தான் இருந்தது.

தொழிற்சாலை அப்படிப்பட்டதன்று. அதன் இயந்திரத்துக்கு வேர் கிடையாது. பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றினால், வேறு நாட்டில் இறங்கி மறுமாதமே ஓடத் தொடங்கிவிடும். நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று செனவாங்கிலும் நீலாயிலும் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையிலும் வேலை செய்கிறார்கள். விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரத்தில் நிற்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். ஆகவே, வேர் இல்லாத இந்தத் தொழிலில் ஆட்குறைப்பு எப்படி வருகிறது, வந்தால் குடும்பம் என்ன செய்யவேண்டும் என்பதை இன்று பேசுவோம்.

சிரம்பானிலேயே ஒரு பெயர் மாற்றம் நடந்தது. மோட்டரோலா என்ற அமெரிக்க நிறுவனத்தின் மின்னணு உறுப்பு ஆலை இங்கே இருந்தது. 1999இல் மோட்டரோலா அந்தப் பிரிவைத் தனியே பிரித்துவிட்டது. ஆன் செமிகண்டக்டர் என்ற புதிய நிறுவனம் பிறந்தது. சிரம்பான் ஆலையும் அதனோடு போயிற்று. தாய் நிறுவனமோ மேலும் மேலும் துண்டாயிற்று. 2011இல் அதன் கைத்தொலைபேசிப் பகுதி தனியானது. 2012இல் கூகுள் அதை வாங்கியது, 2014இல் சீனாவின் லெனோவோ வாங்கியது. தோட்டத் துண்டாடல் என்ற சொல்லை நம் தாத்தா, பாட்டிமார் கண்ணீரோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆலை உலகில் அதையே மறுசீரமைப்பு என்று அழகாகச் சொல்கிறார்கள்.

சிரம்பான் ஆலை பெயர் மாறியும் நிலைத்து நின்றது. நிற்காமற்போன ஆலையின் கதை தமிழ்நாட்டில் நடந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூர் இருக்கிறது. இராமானுசர் பிறந்த ஊர் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். அங்கே பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் 2005இல் தமிழ்நாட்டு அரசோடு ஒப்பந்தம் செய்து, 2006இல் கைத்தொலைபேசி செய்யத் தொடங்கியது. ஊரே அதிசயித்தது. காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். ஏர் பிடித்த வீட்டில், நாற்று நட்ட வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வந்தது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளிரூட்டிய பேருந்தில் ஏறிப் போகும் மகளைப் பார்த்துத் தாய்மார் பூரித்தார்கள். அந்தப் பூரிப்பு எத்தகையது என்பதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

உள்ளே வேலை இப்படி நடக்கும். சிறிய உறுப்புகளை இயந்திரம் பலகையில் பொருத்தும். வரிசையாக நிற்கும் தொழிலாளர்கள் அதைக் கூட்டிலிட்டு, திருகு முடுக்கி, திரையும் விசைகளும் வேலை செய்கின்றனவா என்று சோதித்து, மென்பொருளை ஏற்றிப் பெட்டியில் அடைப்பார்கள். நின்றபடியே வேலை. உறுப்புகளைச் செய்து கொடுக்கும் பிற நிறுவனங்களும் அதே வளாகத்தில் வந்து அமர்ந்தன. உச்சத்தில் நோக்கியாவில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இருந்தனர். சுற்றியிருந்த ஆலைகள், பேருந்துகள், உணவகங்கள், விடுதிகளை நம்பியிருந்தோர் வேறு. எல்லாம் நன்றாகவே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. சம்பளத்துக்காக வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2010இல் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்த துயரமும் நிகழ்ந்தது. என்றாலும், வேலை நிலையானது என்றே அனைவரும் நம்பினர். உலகிலேயே அதிகமாகத் தொலைபேசி விற்ற நிறுவனம் அல்லவா?

அந்த நிறுவனம் சரிந்ததற்குத் திருப்பெரும்புதூர்த் தொழிலாளி காரணமல்லர். 2007இல் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் தொடுதிரைத் தொலைபேசியை வெளியிட்டது. மறு ஆண்டே கூகுளின் ஆண்ட்ராய்டு வந்தது. விசை அழுத்தும் தொலைபேசியில் முடிசூடியிருந்த நோக்கியா பின்தங்கியது. 2011இல் மைக்ரோசாப்டோடு கூட்டுச் சேர்ந்தும் பயனில்லை. இதற்கு முன்பே அந்த நிறுவனம் ஆலைகளை இடம் மாற்றிய கதையும் உண்டு. 2008இல் ஜெர்மனியின் போகும் நகரில் 2,300 பேர் வேலை செய்த ஆலையை மூடி, சம்பளம் குறைவாக இருந்த ருமேனியா நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ருமேனியா ஆலை மூன்று ஆண்டுகள் ஓடி 2011இல் மூடப்பட்டது. 2012இல் தாய்நாடான பின்லாந்திலேயே, சாலோ என்ற ஊரிலிருந்த தொலைபேசி உற்பத்தி நிறுத்தப்பட்டது. பால் வற்றிய நிரையை விட்டு அடுத்த நிரைக்குப் போவதுபோலப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஜெர்மானியத் தொழிலாளி வேலை இழந்தபோது, அது நமக்கும் ஒருநாள் வரும் என்று ஆசியாவில் எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்?

திருப்பெரும்புதூருக்கு அது இப்படி வந்தது. 2013 தொடக்கத்தில் இந்திய வருமான வரித் துறை ஆலையைச் சோதனையிட்டது. மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், நோக்கியாவின் தொலைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ஆலையோ வரி வழக்கில் முடங்கிக் கிடந்தது. அதை விற்கவேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கொடு என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. நோக்கியா கொடுக்கவில்லை. ஏப்ரல் 25ஆம் நாள் தொலைபேசித் தொழில் மைக்ரோசாப்டுக்குக் கைமாறியது. திருப்பெரும்புதூர் ஆலை வெளியே நின்றது. சொத்துப் பிரித்த வீட்டில், வழக்கில் மாட்டிய நிலத்தை யாரும் தொடாததுபோல் ஆயிற்று. சில மாதம் மைக்ரோசாப்டுக்குக் கூலிக்குச் செய்து கொடுத்தார்கள். ஜூலையில் மைக்ரோசாப்ட் உலகெங்கும் 18,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அவர்களில் ஏறக்குறைய 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். மலிவான தொலைபேசி வகைகளையும் கைவிட்டது. திருப்பெரும்புதூர் செய்துவந்தது அந்த வகைகளைத்தான். 2014 நவம்பர் முதல் நாள் ஆலை நின்றது. அடுத்த மாதம் பக்கத்திலிருந்த பாக்ஸ்கான் ஆலையும் நின்றது.

நாம் கவனிக்கவேண்டியது அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஆலை மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன் விருப்ப ஓய்வுத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அவர்களில் மிகப் பலர் இருபது வயதுக்காரர்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வா? ஓய்வு என்றால் நம் தோட்டத்தில் நரைத்த தலை நினைவுக்கு வரும். அதில் விருப்பம் எங்கே இருந்தது? வேலை போவது நிச்சயம், இப்போது வாங்காவிட்டால் இந்தத் தொகையும் கிடைக்காமற் போகலாம் என்ற அச்சம் இருந்தது. அதற்கு விருப்பம் என்று பெயர் வைத்தார்கள். கையெழுத்திட்டவர்களை நாம் குறை சொல்லவில்லை. வீட்டில் கடன் இருக்கையில் வேறு என்ன செய்வது?

நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு நடக்கலாம்.

“கையெழுத்து போட்டுட்டியாம்மா?”

“எல்லாரும் போட்டாங்கப்பா. எச்.ஆர்ல கூப்பிட்டு நீட்டினாங்க.”

“என்ன எழுதியிருந்திச்சு?”

“மலாய்லயும் இங்கிலீஷ்லயும் இருந்திச்சு. படிக்க நேரமில்லப்பா.”

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் நாட்டில் மூன்று வகைத் தாள்கள் வரலாம். ஒன்று, ஆட்குறைப்புக் கடிதம்: நிறுவனம் உங்களை நீக்குகிறது. மற்றொன்று, நிறுவனம் அறிவிக்கும் விருப்பப் பணிவிலகல் திட்டம். இன்னொன்று, சொந்தக் காரணத்தால் நானே விலகுகிறேன் என்ற ஒருவரிக் கடிதம். இந்தக் கடைசித் தாள்தான் ஆபத்தானது. அதில் கையெழுத்திட்டால், சட்டம் தரும் ஆட்குறைப்புத் தொகையும் இல்லை, சொக்சோவின் வேலையிழப்பு உதவியும் இல்லை. பேச்சில் ஆட்குறைப்பு என்பார்கள்; தாளில் ராஜினாமா என்று இருக்கும். பேச்சுக்குச் சாட்சி ஏது?

ஆட்குறைப்பு என்றால் கிடைக்கவேண்டியதைக் கணக்குப் பார்ப்போம். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு 1980ஆம் ஆண்டின் பணிநீக்க உதவித்தொகை விதிகள் பொருந்தும். குறைந்தது ஓராண்டு வேலை செய்திருக்கவேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவானால், ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். எட்டு ஆண்டு வேலை செய்த ஒரு பெண்ணின் நாள் சம்பளம் 65 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எட்டு இருபது நூற்று அறுபது நாள். 65ஆல் பெருக்கினால் 10,400 வெள்ளி. இது வேலை நின்ற ஏழு நாளுக்குள் கைக்கு வரவேண்டும். முன்னறிவிப்பு இதில் சேராது. வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஆட்குறைப்பின்போது ஐந்து ஆண்டுக்கு மேற்பட்டவருக்குக் குறைந்தது எட்டு வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு ஆறு வாரம், அதற்குக் குறைந்தவருக்கு நான்கு வாரம். சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் இருந்தால் இதனினும் கூடுதலாகக் கிடைக்கலாம்.

நிறுவனம் முப்பது நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்குப் படிவம் அனுப்பவேண்டும். ஒரே வகை வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்துக்கொண்டு உள்நாட்டவரை முதலில் நீக்கக்கூடாது என்பதும் வேலைச் சட்டத்தில் உள்ளதே. நிறுவனம் கைமாறும்போது, புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தர முன்வந்தால் ஆட்குறைப்புத் தொகை கிடைக்காது. ஆனால் நம் பழைய ஆண்டுகள் அப்படியே தொடரும். தோட்டத்துக்கும் இது பொருந்தும். புதிதாகச் சேர்ந்ததுபோல் கடிதம் நீட்டினால், என் பழைய சேவை எங்கே என்று கேளுங்கள்.

சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018இல் தொடங்கியது. சம்பளச் சீட்டில் மாதந்தோறும் ஒரு சிறு தொகை பிடிக்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வேலை தேடும் காலத்துக்கான உதவி. தொடங்கியபோது முதல் மாதத்துக்குச் சம்பளத்தில் 80 விழுக்காடு என்றும், பிறகு படிப்படியாகக் குறைந்து ஆறு மாதம் வரை என்றும் வகுத்தார்கள். நிறுவனம் அறிவித்த விருப்பத் திட்டத்தில் போனவர்களும் கேட்கலாம். தானே ராஜினாமா செய்தவரும், ஒப்பந்தக் காலம் முடிந்து போனவரும் கேட்க முடியாது. வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்யவேண்டும். நியாயமின்றி நீக்கிவிட்டார்கள் என்று தொழிலுறவு இலாகாவில் முறையிடுவதற்கும் அதே 60 நாள்தான். வெட்கப்பட்டு இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டால், இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். வேலை போனதை அக்கம்பக்கத்தில் சொல்லக் கூசும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த இடத்தில் தாய் தந்தையர் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கலாம். சொக்சோ அலுவலகத்துக்குக் கூடவே போகலாம்.

சம்பளச் சீட்டு, வேலைக்கு எடுத்த கடிதம், சேமநிதிக் கணக்குத் தாள் ஆகியவற்றை இப்போதே ஓர் உறையில் போட்டு வையுங்கள். எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்பதற்கு அவையே ஆதாரம். ஏதேனும் தாளை நீட்டினால், வீட்டில் காட்டிவிட்டு நாளை தருகிறேன் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு வரட்டும். பிள்ளைகள் கையில்தான் தொலைபேசி இருக்கிறதே. அதில் ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

திருப்பெரும்புதூர் ஆலை ஐந்து ஆண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. வரி வழக்கு 2018இல் தீர்ந்தது. 2019இல் சால்காம்ப் என்ற நிறுவனம் அதை வாங்கி, 2020இல் மின்னூட்டிகள் செய்யத் தொடங்கியது. பாக்ஸ்கானும் அந்த வட்டாரத்துக்குத் திரும்பி, இப்போது ஆப்பிள் தொலைபேசிகளைச் செய்கிறது. வாசலில் மறுபடியும் பேருந்துகள் வந்து நிற்கின்றன. அவற்றிலிருந்து இறங்குவோர் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். 2006இல் அந்த வயதில் வந்து இறங்கியவர்களுக்கு இப்போது நாற்பதை நெருங்குகிறது.