நாலாம் அறிவும் ஐந்தாம் அறிவும்



தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம் என் ஊர். பெயரைச் சொன்னதும், "ஒகேனக்கல் போகிற வழியா?" என்று கேட்பார்கள். ஆமாம், அதே வழிதான். நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஐம்புலன்களைப் பற்றிப் பேசுங்கள் என்றீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒகேனக்கல்லில் அருவி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் இரைச்சல் காதுக்கு வந்துவிடும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் முதுகில் தட்டுகிற தட்டு, அதன்பின் தோளில் அறைகிற காவிரித் தண்ணீர், மசாலா தடவிய மீன் வறுபடும் வாசம், அதை ஊதி ஊதித் தின்னும்போது நாக்கில் ஏறும் காரம், பரிசலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும் பாறைச் சுவர்கள். ஒரே காலைப் பொழுதில் ஐந்து புலன்களுக்கும் வேலை.

இதே புலன்களை எண்ணித்தான் தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு, ஈரறிவு என வரிசைப்படுத்துகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு. அது தொடு உணர்வு. சுவை சேர்ந்தால் இரண்டு, நத்தையைப் போல. மணம் சேர்ந்தால் மூன்று, எறும்பைப் போல. பார்வை சேர்ந்தால் நான்கு, நண்டையும் தும்பியையும் போல. செவி சேர்ந்தால் ஐந்து. மனம் ஆறாவது.

இந்த வரிசையை உங்கள் கைபேசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் வாழும் நமக்கு முதல் மூன்றும் கடல் தாண்டி வருவதில்லை. அம்மாவின் கையைத் தொட முடியாது. அவர் கிண்டிய கேழ்வரகுக் களியை ருசிக்க முடியாது. அடுப்படி வாசமும் வராது. நமக்கும் ஊருக்கும் நடுவே மிஞ்சியிருப்பவை நாலாம் அறிவும் ஐந்தாம் அறிவும்தான். வாரம் தவறாமல் வீடியோவில் அழைக்கிறோம். அம்மாவின் முகம் நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. நம் முகம் அம்மாவுக்குத் தெரிகிறதா?

கேட்டால், "தெரியுது கண்ணு, நல்லாத் தெரியுது" என்றுதான் சொல்வார். தூரத்தில் இருக்கும் பிள்ளையை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்ற நினைப்பு. காது கேட்கவில்லையென்றால், "உன் போன்ல ஏதோ கோளாறு" என்பார் அப்பா. கண்புரை ஒரே நாளில் வருவதில்லை. வருடக்கணக்கில் மெல்ல மூடுகிறது. அதனால் இழப்பவருக்கே இழப்பு தெரிவதில்லை. தெரிந்தாலும், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்த 'அப்படித்தான்' என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. வாடையும் இல்லை. அதில் கரைந்திருந்த ஃபுளோரைடு எந்தப் புலனுக்கும் பிடிபடவில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் கெடுதல். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறியது. வயது ஏற ஏற மூட்டும் முதுகும் விறைத்தன. எங்கள் பக்கத்துப் பல்லே அப்படித்தான் என்று ஊர் பழகிக்கொண்டது. சோதித்துப் பார்த்த பிறகுதான் குற்றம் தண்ணீரில் இருப்பது புரிந்தது. ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் போகிறது. ஊரின் இயல்பு என்று நினைத்தது, தீர்க்கக்கூடிய குறையாக இருந்தது.

கண்புரையும் அப்படிப்பட்ட குறைதான். மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள்; பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். புரை நன்றாக முத்தட்டும் என்று காத்திருந்த காலம் போய்விட்டது. இந்தச் சிகிச்சையைத் தமிழ்நாட்டு ஏழைக்கும் எட்ட வைத்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களையே பழக்கி, ஒரு லட்சத்துக்கும் மேலான கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இறக்குமதி லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாமல் இருந்ததால், 1992-இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் பிறந்தது. மதுரையிலேயே லென்ஸ் செய்து விலையைக் குறைத்தது. தொடு உணர்வுக்குரிய கையே நோவில் இருந்தவர், பிறர் பார்வைக்காக அந்தக் கையை விடாமல் வேலை வாங்கினார். புலன்களைப் போற்றுவது என்றால் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

எல்லாக் கண் நோயும் புரையைப் போலப் பார்வையைத் திரும்பத் தராது. கண்ணில் அழுத்தம் கூடும் கிளாக்கோமாவில் போன பார்வை போனதுதான். முன்னதாகக் கண்டால் மிச்சத்தைக் காக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைச் சோதிக்க வேண்டும். காதையும் தள்ளிவைக்க முடியாது. மறதி நோயைப் பற்றி ஆராய்ந்த லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், தடுக்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் காது மந்தத்தை முன்பே வைத்திருந்தது. 2024 அறிக்கையில் கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவையும் சேர்த்தது. பார்வையும் செவியும் மங்கினால் ஆறாம் அறிவுக்கும் ஆபத்து என்று இதைச் சொல்லலாம்.

ஆகவே உறவுகளே, கேட்டுக்கொள்ள இரண்டே விஷயங்கள். இந்த முறை ஊருக்குப் போகும்போது, கோயில், கல்யாணம், துணிக்கடை என்று போடும் பட்டியலில் அப்பா அம்மாவின் கண் பரிசோதனையையும் காது பரிசோதனையையும் முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் அறுவை சிகிச்சைக்கும், பிறகு சொட்டு மருந்து விடுவதற்கும் நாள் இருக்காது. இரண்டாவது, பிள்ளைகள் யாரும் வெளிநாட்டில் இல்லாத முதியவர்களும் நம் ஊர்களில் உண்டு. ஆளுக்கு ஓர் ஊர் என்று எடுத்து, அருகிலுள்ள கண் மருத்துவமனையோடு பேசுவோம்; முகாம் நடத்தும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். பென்னாகரத்துக்கான பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு விழாவில், எத்தனை ஊரில் எத்தனை பேர் கண்ணாடி வாங்கினார்கள், எத்தனை பேருக்குப் புரை எடுத்தோம் என்று சங்கச் செயலாளர் இதே மேடையில் கணக்கு வாசிக்கட்டும்.