பணம் இருந்தால் ஹெலிகாப்டர் வாங்கலாமா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைச் சொன்னதும் பலர் சிரித்தீர்கள். சிரிப்பது நியாயம்தான். சைக்கிளுக்கு டயர் மாற்ற அடுத்த சம்பளத்தை எதிர்பார்த்திருப்பவன், ஹெலிகாப்டர் வாங்கலாமா வேண்டாமா என்று எதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

ஆனால் இந்தக் கேள்வியை எழுப்பியவர் நம் ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்யும் ஓர் இளைஞர். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. “முதலாளி ஹெலிகாப்டரில் பறக்கிறான் என்று குறை சொல்கிறோம். அந்தப் பணம் நமக்கு வந்தால் நாமும் வாங்கத்தானே செய்வோம்? அப்படியானால் அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?” என்று கேட்டார்.

இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது, தோழர்களே. “தொழிலாளி பேசும் நியாயமெல்லாம் வெறும் வயிற்றெரிச்சல், கையில் காசு வந்தால் அவனும் முதலாளிதான்” என்பது நமக்கு எதிராகக் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் வாதம். அந்த வாதம்தான் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. நம் போராட்டம் பொறாமையா, நியாயமா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

யந்திரத்தின் மேல் நமக்குக் கோபம் இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். ஹெலிகாப்டர் ஓர் அருமையான யந்திரம். ஓடுபாதை வேண்டாம், ஒரு களத்துமேடு போதும். நின்ற இடத்திலிருந்து நேரே மேலெழும். ஆகாயத்தில் அசையாமல் நிற்கும். கீவ் நகரில் பிறந்து 1919இல் அமெரிக்காவில் குடியேறிய இகோர் சிகோர்ஸ்கி என்ற பொறியாளர், 1939இல் தமது யந்திரத்தைத் தரையிலிருந்து கிளப்பிக் காட்டினார். ஐந்தே வருஷத்தில், 1944 ஏப்ரலில், பர்மாவின் காட்டுக்குள் எதிரிகளிடையே சிக்கிக்கொண்ட ஒரு விமானியையும் காயம்பட்ட மூன்று சிப்பாய்களையும் ஒரு சின்ன ஹெலிகாப்டர் மீட்டது. ஒரு தடவைக்கு ஓர் ஆளைத்தான் அதனால் தூக்க முடியும். ஆகவே ஒவ்வொருவராக, நான்கு தடவை போய் வந்தது.

1986 ஏப்ரலில் அன்றைய சோவியத் யூனியனில் செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிர்வீச்சு கக்கிய அந்த உலைவாயின் மேல் பறந்து, ஹெலிகாப்டர் ஓட்டிகள் ஏறத்தாழ 5000 டன் மணலும் களிமண்ணும் ஈயமும் போரானும் கொட்டினார்கள். அதே வருஷம் அக்டோபரில் அங்கே ஒரு ஹெலிகாப்டர் கிரேன் கம்பியில் மோதி விழுந்து அதிலிருந்த நால்வரும் மாண்டார்கள். சோவியத் யூனியன் 1991இல் கலைந்து போயிற்று. ஆனாலும் அந்த ஓட்டிகள் செய்த காரியத்தை உலகம் மறக்காது.

நம் பக்கத்திலேயே பாருங்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி ஜில்லாவை வெள்ளம் சூழ்ந்தபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று விட்டது. சுமார் 800 பிரயாணிகள், சுற்றிலும் தண்ணீர். விமானப் படையின் ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போட்டது. ஒரு கர்ப்பிணிப் பெண் உள்ளிட்ட சிலரைத் தூக்கிக் கரை சேர்த்தது. அருகிலிருந்த கிராமத்து ஜனங்கள் வெள்ளத்துக்கு நடுவே உலை வைத்துப் பிரயாணிகளுக்குச் சோறு போட்டார்கள். மேலே யந்திரம், கீழே மனிதர். இரண்டும் சேர்ந்துதான் உயிர்கள் பிழைத்தன.

ஆகவே யந்திரத்தின் மேல் நமக்கு எந்தப் பகையும் இல்லை. அது யார் கையில் இருக்கிறது, எதற்காகப் பறக்கிறது என்பதே கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சொந்த ஹெலிகாப்டர் என்றால் செலவு என்ன? நாலு பேர் உட்காரக்கூடிய சின்ன ரகம் ஒன்று இருக்கிறது. ராபின்சன் ஆர்44 என்று பெயர். புதிதாக வாங்கினால் ஐந்து லட்சம் டாலருக்குக் குறையாது. நம் பணத்தில் நாலு கோடி ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். வரி தனி, நிறுத்த இடம் தனி, ஓட்டிக்குச் சம்பளம் தனி. ஒரு மணி நேரம் பறந்தால் 55 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். 2200 மணி நேரம் பறந்த பிறகோ, 12 வருஷம் முடிந்த பிறகோ, எது முந்துகிறதோ அப்போது யந்திரம் முழுவதையும் பிரித்து மராமத்துச் செய்ய வேண்டும்.

இதை நம் கூலியோடு வைத்துப் பாருங்கள். 2024-25ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். நூறு நாளும் ஒழுங்காக வேலை கொடுத்து, முழுக் கூலியும் கொடுத்தால் வருஷத்துக்கு 31,900 ரூபாய். அதில் ஒரு காசும் தின்னாமல் சேர்த்தாலும் நாலு கோடி சேர 1250 வருஷத்துக்கு மேல் ஆகும். தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜன் கட்டி முடித்தது 1010ஆம் ஆண்டில். அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்த ஒரு கூலியாள் அன்றிலிருந்து இன்றுவரை உயிரோடிருந்து, இந்தக் கணக்கில் சேர்த்து வந்திருந்தாலும் இன்னும் அவனுக்கு ஹெலிகாப்டர் கிடைத்திருக்காது!

எனவே, “உழைத்துச் சேர்த்த பணம், அவன் இஷ்டம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மனிதன் தன் இரண்டு கைகளால் உழைத்து அவ்வளவு பணம் சேர்க்க முடியாது. பல நூறு கைகளின் உழைப்பு ஒரு கைக்குப் போனால்தான் அது சேரும்.

சாவோ பாலோ நகரத்தின் கதை

ஆனால் பணக் கணக்கு பாதிக் கதைதான். மீதிக் கதையைச் சொல்லப் பிரேசில் நாட்டுக்குப் போவோம். அங்கே சாவோ பாலோ என்ற பெரிய நகரம். ஒரு கோடிக்கு மேல் ஜனத்தொகை. உலகத்திலேயே ஹெலிகாப்டர்கள் மிக அதிகமாக உள்ள நகரங்களில் ஒன்று. 400க்கு மேல் இருக்கின்றன. தெருவில் வண்டிகள் மணிக்கணக்காக நெரித்துக்கொண்டு நிற்கும். பெரிய கம்பெனிக்காரர்கள் வீட்டு மாடியிலிருந்து கிளம்பி ஆபீஸ் மாடியில் போய் இறங்குகிறார்கள். காலில் தெருப்புழுதி படுவதில்லை. ஊரின் ஓரத்தில் குடியிருக்கும் தொழிலாளி இருட்டோடு எழுந்து, இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வேலைக்குப் போகிறான்.

இங்கேதான் தோழர்களே, விஷயத்தின் வேர் இருக்கிறது. சர்க்காரை ஆட்டிப் படைக்கிற செல்வாக்கு யாரிடம் இருக்கிறது? மேலே பறக்கிறவனிடம். அவனுக்குத் தெரு நெரிசல் தெரியுமா? தெரியாது. பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரியுமா? தெரியாது. தெருவை விட்டு விலகிப் போனவனுக்குத் தெருவைச் சீர்படுத்த அக்கறை வராது. செல்வாக்கு உள்ளவன் எதை விட்டு விலகுகிறானோ அது சீரழியும். ஹெலிகாப்டர் வாங்கியவன் பொதுச்சாலையிலிருந்து ராஜினாமாச் செய்தவன்.

அந்த நகரத்தின் தொழிலாளர்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள்? 2013 ஜூனில் பஸ் கட்டணத்தை 3 ரியாலிலிருந்து 3 ரியால் 20 சென்டாவாக உயர்த்தினார்கள். வெறும் 20 சென்டாவோ. மேலே பறக்கிறவனுக்கு அது கண்ணிலேயே படாத காசு. ஆனால் மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகையும் ரப்பர் குண்டும் பிரயோகித்தது. கூட்டம் கலையவில்லை, நாடு முழுவதும் பரவியது. ஜூன் 19ஆம் தேதி கட்டண உயர்வு ரத்துச் செய்யப்பட்டது.

அந்த நகரை ஒட்டிய தொழில் பேட்டையில் 1980இல் உலோகத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது ராணுவ ஆட்சி. ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் மைதானத்தில் கூடியிருந்தபோது, அவர்கள் தலைக்கு மேல் ராணுவ ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து பயமுறுத்தின. பர்மாக் காட்டில் உயிரைத் தூக்கி வந்த அதே யந்திரம்தான். கை மாறினால் வேலையும் மாறுகிறது பார்த்தீர்களா?

நம் வீட்டுச் சின்ன ஹெலிகாப்டர்கள்

பிரேசில்காரனைப் பேசிவிட்டு நம்மைப் பேசாமல் விடுவது நேர்மையல்ல. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பஞ்சாயத்து ஆபீசுக்குப் போக வேண்டும். போகிறோமா? கையில் காசு உள்ளவர் கேன் தண்ணீர் வாங்கி விடுகிறார். காசில்லாத வீட்டுப் பெண் குடத்தோடு தனியாக நிற்கிறாள். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லையா? வட்டிக்கு வாங்கியாவது பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்து விடுகிறோம். இரவு ஷிப்டுக்குப் பஸ் விடவில்லையா? கடன் போட்டு மோட்டார் சைக்கிள் வாங்குகிறோம்.

இதற்காக யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும். பிள்ளைக்குப் படிப்பு வேண்டும். அவசரத்துக்குச் செய்வதைத் தவறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒவ்வொருவராக விலகும்போது குழாயடியில் கூட்டம் குறைகிறது. கூட்டம் குறைந்தால் குரல் குறைகிறது. குரல் குறைந்தால் குழாய் வறண்டே கிடக்கிறது. கேன் வாங்குகிறவர் வாங்கட்டும். மனுவில் கையெழுத்துப் போடவும் வரட்டும். கூட்டத்தை விட்டு மட்டும் விலகக் கூடாது.

பொது உடைமை என்றால் மட்டும் போதுமா?

“அப்படியானால் ஹெலிகாப்டரை சர்க்கார் வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகி விடுமா?” என்று கேட்பீர்கள். அவ்வளவு சுலபமல்ல. காசர்கோட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே முந்திரித் தோட்டங்கள் கேரளத் தோட்டக் கழகத்துக்குச் சொந்தம். தனி முதலாளிக்கு அல்ல, பொதுத்துறைக்கு. இருபது வருஷத்துக்கு மேலாக, 2000ஆம் ஆண்டுவரை, ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தோட்டங்களின் மேல் தெளித்தார்கள். அது மரத்தில் மட்டுமா விழும்? கிணற்றிலும் ஓடையிலும் குடிசைக் கூரையிலும் விழுந்தது. ஊனத்தோடும் தீராத நோயோடும் பிறந்த குழந்தைகளை அந்தக் கிராமங்கள் இன்றும் சுமக்கின்றன.

சும்மா இருக்கவில்லை ஜனங்கள். போராடினார்கள். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2011 மே 13இல் சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதும் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017இல் உத்தரவிட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? யந்திரம் பொதுவில் இருந்தால் மட்டும் போதாது. அதன் நிழல் விழும் இடத்தில் நிற்கிற கூலிக்காரனுக்கும் நாற்று நடுகிற பெண்ணுக்கும், “இதைத் தெளிக்காதே” என்று சொல்லும் அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் சங்கம் இல்லாமல் வராது.

நம் பதில்

ஆகவே அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். பணம் இருந்தால் வாங்கலாமா? சொந்தத்துக்கு வேண்டாம். வேண்டாம் என்பது துறவியாகி விட்டதால் அல்ல; பறப்பதற்கு ஆசை இல்லாததால் அல்ல. என் ஒருவனைத் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு போகும் யந்திரம் தெருவில் நிற்கும் உங்களை என்னிடமிருந்து பிரித்து விடும் என்பதால்.

ஆனால் பொதுவுக்கு? கட்டாயம் வேண்டும்! ஜெர்மனியில் 1970இல் ம்யூனிக் நகரில் தொடங்கிய மருத்துவ ஹெலிகாப்டர் சேவை பிறகு நாடு முழுவதும் பரவியது. அதில் தொழிலாளியும் நோயாளியாகப் பறக்கிறான். செலவை மருத்துவ இன்சூரன்ஸ் ஏற்கிறது. நம் நாட்டில் 2024 அக்டோபரில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்று தொடங்கப்பட்டது. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் மலைக் கிராமங்களுக்கு முதலில் சாலை வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், டாக்டர் வேண்டும். அதற்கும் மேலே அவசரத்துக்கு ஹெலிகாப்டரும் வேண்டும் என்று கேட்போம். பிச்சையாகக் கேட்க வேண்டாம். அது நம் வரிப் பணம், நம் உழைப்பு.

வானம் எவனுக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல, தோழர்களே. தரையும் அப்படியே. எது நம் எல்லோருக்கும் பொதுவோ அதைக் கெட்டுப்போக விடாமல் காப்பது நம் வேலை.

இதை இன்றே தொடங்குவோம். ஆலைத் தோழர்கள் இரவு ஷிப்டு முடியும் நேரத்துக்குப் பஸ் விடக் கோரி மனு எழுதுங்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் முதல் கையெழுத்துப் போடுங்கள். விவசாயத் தொழிலாளர் தோழர்கள் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் எத்தனை நாள் வருகிறார் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த மனுவையும் அந்தக் குறிப்பையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து அதிகாரிகளிடம் நடந்தே போவோம்.