மனச்சோர்வும் நம் மன்றத்தின் கடமையும்

(மும்பையில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் மன்றச் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ரேஷன் கார்டு பற்றியும், குடியிருப்புச் சான்று பற்றியும், கூலி பாக்கி பற்றியும் இந்த மேடையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். நம் வீட்டுக்குள்ளேயே இருந்தும் நாம் பேசாமல் விட்ட ஒன்றைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். அதுதான் மனச்சோர்வு என்னும் நோய்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். நம் மன்றத்தில் ஒரு தோழர். பெயர் வேண்டாம். கொடி கட்டுவதிலிருந்து நாற்காலி அடுக்குவது வரை முன்னால் நிற்பவர். திடீரென்று கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். சந்தாவும் வரவில்லை. “வேறு கட்சிக்காரர்கள் பிடித்துவிட்டார்கள்” என்றோம் சிலர். “குடியாக இருக்கும்” என்றோம் சிலர். மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தோம். எங்களில் ஒருவராவது அவர் வீட்டுக்குப் போய் என்னவென்று கேட்கவில்லை.

அவர் துணைவியார் அலுவலகத்துக்கு வந்து சொன்ன பிறகே தெரிந்தது. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், சோறு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, “நான் உங்களுக்கெல்லாம் பாரம்” என்று பெற்ற பிள்ளைகளிடம் சொல்கிறார். இன்று அவர் மருத்துவம் பெற்றுத் தேறி வேலைக்குப் போகிறார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். அவரைக் காப்பாற்றியது மன்றம் அல்ல, அந்த அம்மையார். இதை ஒப்புக்கொள்ள நாங்கள் வெட்கப்படுகிறோம். ஆனால் மறைக்க விரும்பவில்லை.

தோழர்களே, கவலை எல்லோருக்கும் வரும், போகும். ஆனால் எதிலும் நாட்டமில்லாமை, ஓயாத துயரம், தூக்கக் கெடுதி, பசியின்மை, உடல் அசதி, “நான் எதற்கும் உதவாதவன்” என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு — இவற்றில் பலவும் சேர்ந்து, இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் வாட்டினால் அது வெறும் கவலை அல்ல, நோய். நம் மக்களிடம் இது பல நேரங்களில் உடம்பு வலியாக வேடம் போட்டு வருகிறது. தலைவலி, முதுகுவலி, நெஞ்சடைப்பு, கைகால் எரிச்சல் என்று சொல்லித் தெருமுனை டாக்டரிடம் சத்து ஊசி போட்டுக்கொண்டே காலமும் காசும் கரைகின்றன.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. நாட்டில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்றும், அவர்களில் 100க்கு ஏறத்தாழ 85 பேர் மருத்துவமே பெறுவதில்லை என்றும் அது கண்டது. இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஊரைவிட்டு வந்து பத்துக்குப் பத்து அறையில் குடும்பம் நடத்துகிறோம். விடுப்பு எடுத்தால் கூலி இல்லை. பிரசவித்த பெண்ணுக்குக் கைத்தாங்கலாகப் பெற்றவள் பக்கத்தில் இல்லை. இவையெல்லாம் நோய்க்கு வழி திறந்துவிடும் கதவுகள். மாத்திரையால் கூலி உயராது என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் காலொடிந்த தொழிலாளியிடம், “சுரண்டல் ஒழியட்டும், அதுவரை கட்டுப்போட வேண்டாம்” என்று எவரும் சொல்வதில்லை. கூலிக்கும் போராடுவோம், நோய்க்கும் மருந்து வாங்குவோம்.

இன்னும் சிலர் பேய் என்கிறார்கள், செய்வினை என்கிறார்கள், ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று பற்றிய தீயை மறந்துவிட்டோமா? மனநோயாளிகள் என்று சொல்லிச் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். கும்பிடுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் நோயாளியைக் கட்டிப்போடுவது குற்றம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது. அரசு நடத்தும் இடங்களில் மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே நாம் கேட்பது தருமம் அல்ல.

எங்கே போவது? சயானில் லோகமான்ய திலக் மருத்துவமனை, பரேலில் கே.ஈ.எம். மருத்துவமனை. இவை மாநகராட்சி மருத்துவமனைகள். இரண்டிலும் மனநோய்ப் பிரிவு உண்டு. கேஸ் பேப்பர் எடுத்துக்கொண்டு அங்கே போகலாம். போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணைச் சுழற்றலாம். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் மத்திய அரசின் இலவசத் தொலைபேசி உதவி இது. இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

மருத்துவம் இரண்டு வகை: பேசித் தீர்ப்பது, மாத்திரை கொடுப்பது. சிலருக்கு ஒன்றே போதும். சிலருக்கு இரண்டும் வேண்டும். சோகையோ தைராய்டு கோளாறோ காரணமா என்று இரத்தமும் பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். இந்த மாத்திரை தலைவலி மாத்திரை போல அரைமணியில் கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்கு நாளில் “ஒன்றும் குணமில்லை” என்று வீசிவிடாதீர்கள். குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் சாப்பிட வேண்டியிருக்கும். டாக்டரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

தாய்மார்களே, வீட்டில் ஒருவர் “இருந்து என்ன பயன்” என்று சொன்னால், “சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறு. கேட்டால்தான் மனம் திறக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போலீசு கேஸ் ஆகிவிடுமோ என்று அஞ்சாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அந்த 2017ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது.

பெண்ணுக்கு வரன் கெட்டுவிடும், அக்கம்பக்கம் சிரிக்கும் என்று மூடி மறைப்பதால் நோய்தான் வளர்கிறது. சிரிக்கிறவன் நாளைக்கு நம் வீட்டுப் பிணத்தைத் தூக்க வருவானே தவிர, பிள்ளைகளுக்குச் சோறு போட வரமாட்டான்.

ஆகவே செயற்குழு இரண்டு முடிவுகளை எடுத்திருக்கிறது. ஒன்று: உறுப்பினர் எவரும் இரண்டு கூட்டத்துக்குத் தொடர்ந்து வராவிட்டால், பெயரை அடிப்பதற்கு முன் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு: மருத்துவமனைக்குப் போகிறவர்களோடு இந்தியோ மராத்தியோ தெரிந்த ஒருவர் மன்றத்திலிருந்து துணைக்குப் போவார். வயிற்றுவலியைச் சைகையால் காட்டிவிடலாம். மனத்தின் வலியைக் காட்ட மொழி வேண்டும். கேட்ட செய்தி எதுவும் மன்றத்தின் வாசலைத் தாண்டாது என்று உறுதி தருகிறோம்.

பட்டியலில் அடித்த அந்தத் தோழரின் பெயரை மீண்டும் எழுதிவிட்டோம். இனி இன்னொரு பெயரை அப்படி அடிக்கும் நிலை நமக்கு வரக் கூடாது.